"உடனடியாக" என்றால் எத்தனை நொடி? உலக ரக்பி அமைப்பின் விதிக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

விதிக் குழு உறுப்பினர்களுக்கு வணக்கம்.

வார இறுதிகளில் சாதாரண கிளப் ஆட்டங்களுக்கு விசில் ஊதுகிறவன் நான். டிவியில் வரும் நடுவருக்குக் காதில் இயர்பீஸ் உண்டு, கோட்டோரம் இரண்டு துணை நடுவர்கள் உண்டு, ரீப்ளே பார்த்துச் சொல்ல இன்னொருவரும் உண்டு. என்னிடம் இருப்பது ஒரு விசிலும், மழையில் ஊறிய ஒரு குறிப்பட்டையும்தான். ஆனாலும் எங்கள் இருவருக்கும் விதிப்புத்தகம் ஒன்றே. அந்தப் புத்தகத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

போன மாதம் ஓர் ஆட்டம். பந்தோடு ஓடியவரை எதிரணிக்காரர் இடுப்பில் பிடித்துச் சாய்த்தார். இருவரும் தரையில். சாய்த்தவரின் அணியில் 7-ஆம் எண் ஆள் காலை அகட்டிக் குனிந்து, இரண்டு கையாலும் பந்தைப் பற்றிவிட்டார். விழுந்தவர் விடவில்லை. நான் விசிலை வாய்க்குக் கொண்டுபோவதற்குள் விழுந்தவரின் கூட்டாளி ஒருவர் தோளைக் கொடுத்து மோதி, 7-ஆம் எண்ணைத் தள்ளிக்கொண்டு போய் அவர் மேலேயே விழுந்தார். பந்து சுத்தமாகப் பின்பக்கம் வந்தது. ஊதினேன். மோதியவர் யாரையும் பிடித்துக்கொள்ளவில்லை, காலில் நிற்கவும் இல்லை, பெனால்டி. கேப்டன் ஓடி வந்தார். கோபம்கூட இல்லை, நிஜமாகவே புரியாமல் கேட்டார்: "சார், இதே மாதிரி நேற்று டெஸ்ட் மேட்சில் இருபது தடவை பார்த்தேன். ஒரு தடவைகூட விசில் வரலையே?"

ரக் (தரையில் கிடக்கும் பந்துக்கு மேல் இரு அணியினரும் காலில் நின்று முட்டிமோதும் நிலை) பற்றிய விதி 15-ஐப் படித்துப் பாருங்கள் என்றேன். படித்தால் நான் சொன்னது சரி. டிவியைப் பார்த்தால் அவர் சொன்னது சரி.

டேக்கிளிலும், அதாவது பந்தோடு வருகிறவரைப் பிடித்துச் சாய்ப்பதிலும், இதே கதைதான். சாய்த்தவர் ஆளையும் பந்தையும் உடனே விட்டு, உடனே விலக வேண்டும். விழுந்தவர் பந்தை உடனே விடுவிக்க வேண்டும். வந்து சேருகிறவர் தன் கோல் கோட்டின் பக்கமிருந்து வந்து, காலில் நின்றபடிதான் பந்தில் கை வைக்க வேண்டும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் சாய்த்தவர் விழுந்தவருக்கு அடியில் மாட்டிக்கொண்டால் எப்படி உடனே விலகுவார்? அவர் விலகாமல் விழுந்தவர் பந்தை எங்கே வைப்பார்? முதலில் சாய்த்தவரைப் பார், அப்புறம் விழுந்தவரை, அப்புறம் வந்தவரை என்று நடுவர் பயிற்சியில் எங்களுக்கு ஒரு வரிசை சொல்லித் தந்தார்கள். நல்ல வரிசை, அது இல்லாவிட்டால் பாதி ஆட்டங்களில் நான் முழி பிதுங்கியிருப்பேன். ஆனால் அது எங்கள் வகுப்பறையோடு நின்றுவிடுகிறது. ஆட்டக்காரர் கையில் இருப்பது 'உடனே' என்ற ஒற்றைச் சொல்தான்.

இத்தனைக்கும் நொடிக் கணக்கு உங்களுக்குப் புதிதில்லை. ரக்கில் பந்து ஓர் அணிக்குத் தெளிவாகக் கிடைத்த பிறகு, எடுத்து ஆடச் சொல்லி நடுவர் குரல் கொடுத்ததிலிருந்து 5 நொடி. அதாவது சண்டை ஓய்ந்த பிறகு கடிகாரம் ஓடுகிறது. டேக்கிளுக்கும் ஸ்டாப்வாட்ச் வைக்கச் சொல்லவில்லை, அது நடக்காத காரியம்.

ரக் விஷயத்துக்கு வருகிறேன், என் மனக்குறையில் முக்கால்வாசி அங்கேதான். சேருகிறவர் காலில் நின்றபடி, தன் அணிக்காரரையோ எதிரணிக்காரரையோ பிடித்துக்கொண்டு சேர வேண்டும். உடம்பின் வேறு பாகம் படுவதற்கு முன்போ, படும்போதோ அந்தப் பிடியைப் போட்டிருக்க வேண்டும். பிடிக்காமல் மோதினால் விதி 9.20-இன்படி அது ஆபத்தான ஆட்டம். 2025 ஜூலை 26, மெல்போர்ன், லயன்ஸ் (பிரிட்டனும் அயர்லாந்தும் சேர்ந்த அணி) - ஆஸ்திரேலியா இரண்டாவது டெஸ்டை நினைத்துப் பாருங்கள். ஆட்டம் முடியும் தறுவாயில் லயன்ஸின் ஜாக் மோர்கன், ஆஸ்திரேலியாவின் கார்லோ டிசானோவை ரக்கிலிருந்து மோதி அகற்றினார். அடுத்து லயன்ஸின் ஹியூகோ கீனன் எதிரணிக் கோல் கோட்டில் பந்தை ஊன்றி ட்ரை போட்டார். நடுவர் பியார்டி ரீப்ளே பார்த்து ட்ரையை உறுதி செய்ய, 29-26 என்று லயன்ஸ் தொடரையே வென்றது. ஆஸ்திரேலியப் பயிற்சியாளர் ஜோ ஷ்மிட் 9.20-ஐச் சுட்டிக்காட்டினார். வாரா வாரம் இப்படித்தானே அகற்றுகிறார்கள் என்றது எதிர்த்தரப்பு. தீர்ப்பு தவறு என்று சொல்ல நான் வரவில்லை. பத்து தடவை பார்த்துவிட்டேன், இரண்டு முறை மனம் மாறினேன். ஒரு தரப்பு எழுத்தைக் காட்ட, மறுதரப்பு வழக்கத்தைக் காட்ட, இரண்டுமே உங்கள் வீட்டுச் சரக்காக இருப்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

எழுத்தைத் திருத்த உங்களுக்குத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. 2017 பிப்ரவரியில் ட்விக்கன்ஹாமில் இங்கிலாந்துக்கு எதிராக இத்தாலி என்ன செய்தது? டேக்கிள் முடிந்ததும் அவர்களில் ஒருவரும் ரக்கில் சேரவில்லை. இரு அணியிலிருந்தும் ஆள் நின்றால்தானே ரக்? ரக் இல்லையென்றால், தாண்டி நிற்கக் கூடாத ஆஃப்சைடு கோடு ஏது? பந்தை எடுத்துப் பாஸ் கொடுக்கும் ஸ்க்ரம்-ஹாஃபுக்குப் பக்கத்திலேயே போய் நின்று பாஸ் போகிற வழியை மறித்தார்கள். இங்கிலாந்து ஆட்டக்காரர் ஜேம்ஸ் ஹாஸ்கெல் குழம்பிப் போய் நடுவர் ரொமான் புவாத்திடமே விளக்கம் கேட்க, நான் நடுவர், பயிற்சியாளர் இல்லை என்று அவர் சொன்னது எங்களைப் போன்றவர்களுக்கு இன்றும் தேன். இடைவேளையில் இத்தாலி 10-5 முன்னிலை. கடைசியில் இங்கிலாந்து 36-15 என்று வென்றது. அதே ஆகஸ்டில் சோதனை விதி வந்துவிட்டது. ஒரே ஓர் ஆள் காலில் நின்றபடி பந்துக்கு மேல் இருந்தாலே போதும், ஆஃப்சைடு கோடு பிறந்துவிடும். எனக்கு இத்தாலியின் தந்திரம் பிடித்திருந்தது, அது போனதில் கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் எழுத்தும் விசிலும் ஒன்றாயின. ஆறே மாதத்தில்.

2020-இலும் முயன்றீர்கள். விழுந்தவருக்கு ஒரே ஓர் அசைவுதான், முதலில் வந்து காலில் நிற்பவருக்குப் பலன் கிடைக்க வேண்டும் என்று வழிகாட்டி கொடுத்தீர்கள். அந்த ஜூனில் தொடங்கிய நியூசிலாந்து உள்நாட்டுத் தொடரின் முதல் வாரங்களில் விசில் மழையாகப் பொழிந்தது. எரிச்சலாக இருந்தாலும் பந்துக்கு உண்மையான போட்டி இருந்தது. அப்புறம் மெல்ல மெல்லப் பழைய கதை. வழிகாட்டி என்பது சுற்றறிக்கை மாதிரி, சீசன் மாறினால் மறந்துபோகும். புத்தகத்தில் ஏறினால்தான் நிற்கும்.

ஆகவே கேட்கிறேன். அகற்ற வருகிறவர் பிடிக்காமல் மோதி விழுவதை நீங்கள் பொறுத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்றால், எந்த அளவுக்கு என்று விதி 15-இல் எழுதுங்கள். பொறுக்கப் போவதில்லை என்றால் அடுத்த சீசனின் முதல் டெஸ்டில், முதல் நிமிடத்திலிருந்து ஊதச் சொல்லுங்கள். இரண்டாவதுதான் என் விருப்பம். கழுத்துக்கும் முழங்காலுக்கும் அதுதான் நல்லது. முதலைப் புரட்டலை (பந்துக்கு மேல் நிற்பவரைப் பிடித்து உருட்டிச் சாய்ப்பதை) 2024-இல் தடை செய்தபோது ஆட்டம் ஒன்றும் செத்துப் போகவில்லையே. அப்படியே டேக்கிளுக்கான அந்த வரிசையையும் விதி 14-இல் ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள்.

அதே அணிக்கு இந்த மாதக் கடைசியில் மறுபடி நான்தான் நடுவர். கேப்டன் விதிப்புத்தகத்தை உண்மையிலேயே படித்துவிட்டாராம், சில கேள்விகள் இருக்கிறதாம். ஆட்டத்துக்கு அரைமணி முன்னதாக வரச் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
வார இறுதி நடுவர் ஒருவர்