திரும்பி வராதவர்களின் கணக்கைக் கேள்

அன்புள்ள கண்ணு,

மாநில மனநலத் திட்டமும் போதை மீட்புச் சிகிச்சையும் இனி உன் பொறுப்பு. நேரில் பேசினால் பேச்சு எங்கெங்கோ போய்விடும் என்பதால் எழுதுகிறேன். நிதானமாகப் படி.

உன் மேசைக்கு வரும் மாத அறிக்கையில் எத்தனை முகாம், எத்தனை புறநோயாளிகள், எத்தனை பேருக்கு விழிப்புணர்வு என்று வரிசையாக எண்கள் இருக்கும். அவை பொய்யாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரே ஆள் பன்னிரண்டு மாதம் விடாமல் வந்தாலும் அதில் பன்னிரண்டுதான். பன்னிரண்டு பேர் ஒரே ஒரு தடவை வந்து நின்றுபோனாலும் பன்னிரண்டுதான். அதனால் ஒவ்வொரு மாவட்டத்திடமும் வேறொரு கணக்கைக் கேள். ஜனவரியில் புதிதாக மருந்து எழுதப்பட்டவர்களில் ஏப்ரலில் மருந்து வாங்கியவர்கள் எத்தனை பேர்? வராதவர்களின் பெயரும் ஊரும் கைப்பேசி எண்ணும் யாரிடம் இருக்கின்றன? அவர்களை யார், எந்தத் தேதியில் கூப்பிட்டார்கள்? முதல் மாதம் பதில் வராது. விடாமல் கேள். உன் வேலையில் பாதி இதுதான்.

பெங்களூருவின் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் நடத்திய 2015-16 தேசிய மனநல ஆய்வு, நோயைப் பொறுத்து 70 முதல் 92 சதவீதம் பேருக்குச் சிகிச்சை கிடைக்கவில்லை என்று சொன்னது. எல்லாக் கூட்டத்திலும் இந்த எண்ணை எடுத்துக்காட்டி, புதியவர்களைக் கண்டுபிடிக்கப் புது முகாம் கேட்பார்கள். ஏற்கெனவே நம்மிடம் வந்து, நம் சீட்டோடு வீடு திரும்பி, பிறகு நின்றுபோனவரைப் பற்றி அங்கே யாரும் பேச மாட்டார்கள். அவரை மீட்பது புதியவரைத் தேடுவதைவிட எளிது. பெயர் தெரியும், நோய் தெரியும், எந்த மருந்து வேலை செய்தது என்றும் தெரியும்.

ஏன் நிற்கிறார்கள்? முதல் காரணம் மருந்து இல்லாமை. ஒரு நாள் கூலியை விட்டு, துணைக்கு ஒருவரையும் கூட்டிக்கொண்டு, இரண்டு பஸ் மாறி வருகிறவரிடம் "இந்த மாத்திரை இல்லை, அடுத்த வாரம் வாங்க" என்றால் அவர் ஏன் அடுத்த வாரம் வர வேண்டும்?

தட்டுப்பாடு என்றதும் கொள்முதலைத்தான் எல்லோரும் குறை சொல்வார்கள். பல நேரம் கோளாறு இன்டெண்டில், அதாவது ஆஸ்பத்திரி எழுதி அனுப்பும் மருந்துத் தேவைப் பட்டியலில் இருக்கும். மருந்தாளுநர் போன வருஷச் செலவைப் பார்த்து இந்த வருஷத் தேவையை எழுதுகிறார். போன வருஷம் மூன்று மாதம் மருந்தே இல்லையென்றால் செலவு குறைவாகத்தானே பதிவாகியிருக்கும்? அதே குறைந்த எண் இந்த வருஷத் தேவையாகிவிடுகிறது. பழைய தட்டுப்பாடு புதிய தட்டுப்பாட்டைப் பெற்றுப் போடுகிறது. இதை உடைக்க ஒரே வழி, நோயாளிப் பதிவேட்டிலிருந்து கணக்குப் போடுவது. மனச்சிதைவுக்கான ரிஸ்பெரிடோன் 2 மி.கி. தினம் இரண்டு வீதம் சாப்பிடுகிறவர்கள் 80 பேர் என்றால் மாதத்துக்கு 4,800 மாத்திரை. அதற்கு மேல் இரண்டு மாதக் கையிருப்பாக 9,600. மருந்து வாங்கித் தரும் மருத்துவப் பணிகள் கழகத்தின் பாஸ்புக்கில், எவ்வளவுக்கு மருந்து எடுக்கலாம் என்று அந்த ஆஸ்பத்திரிக்குள்ள தொகை மனநல மருந்துகளுக்குப் போதாவிட்டால், அதை உயர்த்தச் சொல்லி எழுத வேண்டியது உன் அலுவலகம். தாலுகா மருத்துவமனையின் குரல் அவ்வளவு தூரம் எட்டாது.

இருப்பதைக் கொடுத்து அனுப்பும் பழக்கத்தையும் கவனி. ரிஸ்பெரிடோன் இல்லையென்று பழைய மருந்தான ஹாலோபெரிடால் கொடுத்தால், கைகால் விறைத்து, வாயில் எச்சில் வழிந்து, ஒரு வாரத்தில் அவர் எல்லா மருந்தையும் நிறுத்திவிடுவார். பக்க விளைவு இரண்டாவது பெரிய காரணம். ஒலான்சபின் சாப்பிட்டால் எடை ஏறும். ரிஸ்பெரிடோனால் பெண்களுக்கு மாதவிலக்கு நின்றுபோகலாம், மார்பில் பால் சுரக்கலாம். ஆண்களுக்குத் தாம்பத்தியத்தில் சிரமம் வரலாம். கூட்டமான ஓபியில் டாக்டரிடம் இதையெல்லாம் யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். செவிலியர் தனியாக வைத்துக் கேட்க ஒரு திரையும் ஒரு நாற்காலியும் போதும். இருதுருவ மனநோய்க்கு லித்தியம் சாப்பிடுகிறவர்களுக்கு இன்னொரு கவலை. சித்திரை வெயிலில் வியர்த்து உடம்பில் நீர் குறைந்தால் ரத்தத்தில் அதன் அளவு ஏறிவிடும். கை நடுக்கம், தள்ளாட்டம், வாந்தி என்று வந்தால் அது நஞ்சாகிக்கொண்டிருக்கிறது. அளவு பார்க்கும் வசதி மாவட்டத் தலைமை மருத்துவமனை ஆய்வகத்தில்கூட இல்லையென்றால், அந்த மாவட்டத்தில் லித்தியம் தொடங்குவதே ஆபத்து.

மூன்றாவது காரணம் தூரம். மக்களைத் தேடி மருத்துவம் 2021ல் தொடங்கியதிலிருந்து சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மருந்து வீட்டுக்குப் போகிறது. நோய் அடங்கி ஒரே அளவில் மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு மனநல மருந்தும் அந்தப் பையிலேயே போக வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். ஒரு நிபந்தனை: பொட்டலத்தின் மேல் நோயின் பெயர் இருக்கக் கூடாது. பக்கத்து வீட்டுக்குத் தெரிந்துவிடும் என்று பயந்தே மருந்தை விட்டவர்கள் உண்டு. 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணுக்கு அழைப்பவர்களுக்கும் ஆறுதலோடு முடிக்காமல், எந்த ஊர் மருத்துவமனை, எந்தக் கிழமை என்று சொல்லி முடிக்க வேண்டும்.

இனி குடி.

எய்ம்ஸ் 2019ல் வெளியிட்ட தேசிய ஆய்வு, மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதோ ஒரு சிகிச்சை கிடைத்தது என்கிறது. உள்நோயாளியாகச் சேர்ந்தவர் 180 பேரில் ஒருவர். இதைக் கேட்டதும் படுக்கைகள் கூட்டச் சொல்வார்கள். கூட்டு, ஆனால் அதற்கு முன்னால் எலும்பு முறிவு வார்டுக்குப் போ. பைக்கில் விழுந்து கால் உடைந்து சேர்ந்தவர் தினமும் குடிப்பவரா என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். கடைசியாகக் குடித்து சில மணி நேரத்தில் நடுக்கம் தொடங்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். 48 மணியிலிருந்து 96 மணிக்குள் டெலிரியம் என்ற கடும் மனக்குழப்பம்: இல்லாத பூச்சியைப் பிடிப்பார், ட்ரிப்ஸைப் பிடுங்குவார், ராத்திரி முழுக்கக் கத்துவார். "மென்டல் கேஸ்" என்று கட்டிலில் கட்டிப்போட்டு, விடிந்ததும் வேறு ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். வழியிலேயே உயிர் போகலாம்.

இதைத் தடுக்கச் சிறப்பு வார்டு வேண்டாம். சேரும்போதே, தினமும் குடிப்பாரா, கடைசியாக எப்போது குடித்தார் என்று சீட்டில் எழுதும் இரண்டு வரி வேண்டும். நடுக்கத்தையும் வலிப்பையும் தடுக்கும் குளோர்டயசெபாக்சைடு, கல்லீரல் கெட்டவர்களுக்கு லோரசெபாம், இரண்டும் எல்லாத் தாலுகா மருத்துவமனை வார்டிலும் கையெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். தயமின் (வைட்டமின் பி1) ஊசி, குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன்னால் போட வேண்டும். சத்தில்லாத உடம்பில் குளுக்கோஸ் மட்டும் ஏறினால், மிச்சமிருக்கும் தயமினும் செலவாகி மூளை பாதிக்கும். நினைவு நிரந்தரமாகப் போய்விடலாம். சில ரூபாய் மருந்து அது. அது தீர்ந்துபோனதற்கு எந்த அதிகாரியிடமிருந்தும் சமாதானம் கேட்டுக்கொள்ளாதே.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து மதுக்கடைகள் ஒரே நாளில் மூடப்பட்டபோது, இப்படி டெலிரியத்தோடு வந்தவர்கள் பெங்களூரு மருத்துவமனைகளில் அதிகமானது பதிவாகியிருக்கிறது. கடைகள் சேர்ந்தாற்போல் பல நாள் மூடப்படும் என்று தெரிந்தால் மதுவிலக்கு ஆயத்தீர்வைத் துறை உனக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும். இதை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள். மதுவை விற்கும் டாஸ்மாக்கும் அரசுடையது, குடியை நிறுத்த உதவும் வார்டும் அரசுடையது. இதை மறைக்காமல் அந்தத் துறையோடு நடக்கும் கூட்டத்தில் உட்கார்ந்து, கடை நேரத்தைப் பற்றியும் பள்ளி அருகே உள்ள கடையைப் பற்றியும் உன் துறையின் கருத்தைச் சொல். கேட்பார்களோ மாட்டார்களோ, பதிவாக வேண்டும்.

நச்சு இறக்கும் பத்து நாள் முடிந்ததும் குடி நின்றுவிட்டதாகக் குடும்பம் நம்பிவிடும். உண்மையில் அப்போதுதான் சிகிச்சை தொடங்குகிறது. முதல் மூன்று மாதத்தில் மறுபடி குடிப்பவர்கள் ஏராளம். அப்படி வருகிறவரைத் திட்டித் திருப்பி அனுப்பும் மையம் பயனற்றது. குடித்தால் உடம்புக்கு ஒவ்வாமல் செய்யும் டைசல்பிராம் மாத்திரையை அவருக்குத் தெரியாமல் சாம்பாரில் கலந்து கொடுக்கும் வழக்கம் எங்காவது இருந்தால் உடனே நிறுத்து. அதற்கு மேல் குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்து. போதை ஊசி போடும் இளைஞர்களுக்கு வேறு அபாயம். பூட்டிய இடத்திலோ சிறையிலோ சில மாதம் இருந்து வெளியே வந்ததும் பழைய அளவையே ஏற்றிக்கொள்வார்கள்; உடம்பு அதைத் தாங்கும் சக்தியை இழந்திருக்கும். விடுதலை நாளும் போதை ஊசிக்கு மாற்று மருந்தான புப்ரினார்ஃபின் கொடுக்கும் அருகிலுள்ள மையத்தின் முகவரியும் ஒரே தாளில் அவர்கள் கைக்குப் போக வேண்டும்.

தனியார் மறுவாழ்வு மையங்கள் விஷயத்தில் கண்டிப்போடு இரு. 2017 மனநலச் சட்டத்தின் கீழ் போதை சார்ந்த நோயும் மனநோயே. ஆகவே அவற்றுக்குப் பதிவு கட்டாயம். ராத்திரியில் வண்டி அனுப்பி ஆளைத் தூக்கிவரும் இடங்களில் கேட்க வேண்டியது சேர்க்கைத் தாள். விருப்பமின்றிச் சேர்த்தவரை மனநல மருத்துவர் ஒருவரும் இன்னொரு நிபுணரோ மருத்துவரோ தனித்தனியாகப் பார்த்திருக்க வேண்டும். பெண்கள், சிறார் என்றால் மூன்று நாளுக்குள், மற்றவர் என்றால் ஏழு நாளுக்குள் அச்சட்டப்படி அமைந்த மனநல மறுஆய்வு வாரியத்துக்குத் தகவல் போயிருக்க வேண்டும். முதல் அனுமதி 30 நாள்தான். ஆய்வுக்குப் போகிறவர்கள் பகலில் அலுவலக அறையில் டீ குடித்துவிட்டுத் திரும்பக் கூடாது. ராத்திரி எட்டு மணிக்கு மேல் போய், படுக்கும் அறையின் பூட்டு எந்தப் பக்கம், சாவி யாரிடம், தீப்பிடித்தால் எந்த வழி என்று பார்க்க வேண்டும். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடி மனநலக் காப்பகத்தில் 28 பேர் செத்தது நோயால் இல்லை. சங்கிலியில் கட்டியிருந்ததால் நெருப்பிலிருந்து ஓட முடியவில்லை. அந்த நாளை உன் அலுவலகம் மறக்கக் கூடாது.

மனநோயோடு தெருவில் திரிகிறவர்களை 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டியது போலீஸின் கடமை. லாக்கப்பில் வைக்கச் சட்டம் இடம் தரவில்லை. இது பல காவல் நிலையங்களுக்குத் தெரியாது. எஸ்.பி. அலுவலகம் வழியாக ஒரு பக்கச் சுற்றறிக்கையும், அழைத்தால் எடுக்கிற ஒரு செவிலியரின் எண்ணும் கொடு.

கடைசியாக, 1794ல் தொடங்கிய கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையைப் போன்ற பெரிய இடங்களில், நோய் அடங்கியும் போக இடமில்லாமல் தங்கிப்போனவர்கள். வீடு ஏற்காவிட்டால் நான்கைந்து பேர் சேர்ந்து வாடகை வீட்டில் வாழலாம், வாரம் ஒரு முறை பணியாளர் போய்ப் பார்த்தால் போதும். தடையாக நிற்பது நோயைவிட அதிகமாக ஆவணம்தான். முகவரி இல்லாததால் ரேஷன் அட்டை இல்லை, வங்கிக் கணக்கு இல்லை, உதவித்தொகை இல்லை. பட்டியல் எடுக்கும்போதே ஆதார், மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, வங்கிக் கணக்கு என்று மூன்று கட்டம் போட்டு, காலியாக இருப்பவற்றை நிரப்ப ஒரு ஆளையும் ஒரு தேதியையும் குறிக்கச் சொல்.

மருந்துத் தேவைக் கணக்குத் தாள் ஒன்றை மாதிரிக்காக இதோடு வைத்திருக்கிறேன். உன் மருந்தாளுநர் ஒருவரிடம் காட்டி, அவர் சொல்லும் திருத்தத்தோடு எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அம்மா