அஓரித்தா என்றால் எப்போது?

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

உன் மெயில் பார்த்தேன். அங்கே மெக்சிகோவில் குழாய் ரிப்பேர் பண்ணுகிறவர் "அஓரித்தா" என்று சொன்னதை நம்பி அரை நாள் லீவு போட்டாய், அவர் மறுநாள்தான் வந்தார். கோபம் வரத்தான் செய்யும். ஆனால் "இந்த ஊரில் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிடுகிறார்கள்" என்று எழுதியிருந்தாயே, அதை மட்டும் என்னால் அப்படியே விட முடியவில்லை. அப்பாவின் வேலைக்காக மெக்சிகோவின் புவெப்லா நகரத்தில் இருந்தபோது அந்த மனிதர்களை எனக்குப் புரியவைத்ததே இந்தச் சொல்தான்.

ஸ்பானிய மொழியில் அஓரா என்றால் இப்போது. இத்தா என்ற விகுதி எதையும் சின்னதாக்கும். அப்படிப் பார்த்தால் அஓரித்தா "இந்த நொடியே" என்றுதான் ஆக வேண்டும். மெக்சிகோவில் அந்தக் கணக்கு செல்லாது. கூட வரும் வினையைக் கேட்டால்தான் நேரம் தெரியும். "அஓரித்தா எஸ்தோய் கொமியெந்தோ" என்றால் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். "அஓரித்தா சே அகாபா தே இர்" என்றால் இப்பத்தான் கிளம்பிப் போனார். "அஓரித்தா வெங்கோ" என்று சொல்லிக்கொண்டே ஒருவர் வாசலைத் தாண்டுவார். வருகிறேன் என்கிறார், ஆனால் போகிறார். நம் வீட்டில் கிளம்பும்போது "வரேன்" என்கிறோமே, அதேதான். நிஜமாகவே உடனே என்றால் இன்னொரு "இத்" சேர்த்து "அஓரித்தித்தா" என்பார்கள். அப்போது நம்பிக் காத்திருக்கலாம்.

எனக்கு ரொம்பப் பிடித்தது "அஓரித்தா நோ, கிராசியாஸ்". கிராசியாஸ் என்றால் நன்றி. தெருச்சந்தையில் பழக்காரம்மா "மார்ச்சாந்தா" (வாடிக்கைக்காரம்மா) என்று கூப்பிட்டு, மாம்பழத்தைக் கீறி மிளகாய்ப் பொடி தூவி, கத்தி நுனியிலேயே ஒரு துண்டை நீட்டுவார். வேண்டாம் என்று வெட்டிச் சொன்னால் முகம் சுருங்கிவிடும். "அஓரித்தா நோ" என்றால் இப்போதைக்கு இல்லை என்று அர்த்தம். நான் திரும்பி வரப்போவதில்லை என்று அவருக்கும் தெரியும், ஆனாலும் இருவருக்கும் மரியாதை குறையாது. சொல்லும்போது புறங்கை அவர் பக்கம் தெரியும்படி கையைச் சற்று உயர்த்து. அங்கே அதற்கு நன்றி என்று பொருள்.

இந்தக் குழைவு எங்கிருந்து வந்தது? மெக்சிகோவின் பழைய மொழிகளில் ஒன்றான நஹுவாட்லில் "த்சின்" என்றொரு விகுதி உண்டு. சிறுமை, பிரியம், மரியாதை மூன்றையும் அது ஒன்றாகவே காட்டும். தோனான்த்சின் என்றால் போற்றுதலுக்குரிய நம் தாய். கன்னி மரியாளான குவாதலூபே மாதாவை இன்று இத்தா சேர்த்து வாஞ்சையோடு "விர்ஹென்சித்தா" என்கிறார்கள். மெக்சிகோ ஸ்பானியத்தில் இத்தாவும் அதன் ஆண்பாலான இத்தோவும் இவ்வளவு பெருகியதற்கு நஹுவாட்ல் ஒரு காரணம் என்று சில அறிஞர்கள் சொல்கிறார்கள், மறுப்பவர்களும் இருக்கிறார்கள். சந்தையில் காதால் கேட்டவள் என்பதால் எனக்கு முதல் கட்சிதான் சரியாகப் படுகிறது.

ஆகவே அந்தக் குழாய்க்காரர் உன்னிடம் நேரம் எதுவும் சொல்லவில்லை. உன் வேலை மனதில் இருக்கிறது, கையில் இருப்பதை முடித்துவிட்டு வருகிறேன் என்றார். உன் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அடுத்த முறை சண்டை போடாதே. சிரித்துக்கொண்டே "கோமோ ஆ கே ஓரா?" என்று கேள், சுமார் எத்தனை மணிக்கு என்று. ஒரு மணியைச் சொன்னால் அதைப் பிடித்துக்கொள். மறுபடியும் "அஓரித்தா" என்றால் லீவு போடாமல் ஆபீசுக்குக் கிளம்பிவிடு.

அப்புறம், ஜூனில் ஆபீஸ் வேலையாக புவெர்த்தோ ரிக்கோ போகிறாய் அல்லவா? அங்கேயும் தொமினிக்கன் குடியரசிலும் அஓரித்தா என்றால் பொதுவாக "அப்புறம்". இப்போதே வேண்டுமென்றால் "அஓரா மிஸ்மோ" என்று கேள். மெக்சிகோ பழக்கத்தில் "அஓரித்தா" என்று சொல்லி வைத்தால், நீ அவசரமில்லை என்கிறாய் என்றுதான் அவர்கள் எடுத்துக்கொள்வார்கள்.

குழாய் சரியாகிவிட்டதா என்று எழுது.

அன்புடன்,
அம்மா