ஆலை வளவின் மண்ணைப் பரிசோதித்தார்களா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிறு தங்கள் பத்திரிகையின் விளையாட்டுப் பக்கத்தில், எமது மருதமுனைப் பகுதியின் மூடப்பட்ட நெசவு, சாய ஆலை வளவில் உதைபந்தாட்ட அரங்கொன்றை அமைக்கும் யோசனை பற்றி வந்த கட்டுரையை இரண்டு தடவை வாசித்தேன். "பல தசாப்தங்களாக எவருக்கும் பயனின்றி வெறுமையாகக் கிடந்த காணி" என்று அதில் ஒரு வரி இருக்கிறது. அந்த வரியைக் கடந்துபோக முடியாமல்தான் இக்கடிதத்தை எழுதுகிறேன். அந்தக் காணியில் பதினொரு வருடங்கள் சாயத் தொட்டியருகே நின்று உழைத்தவன் நான். எனது வாப்பா வீட்டுத் தறியில் சாரம் நெய்த கையோடு என்னை அங்கே வேலைக்குச் சேர்த்துவிட்டார். மருதமுனைச் சாரத்தையும் சேலையையும் பற்றித் தங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அவற்றின் நிறம் எங்கே பிடிக்கப்பட்டது, அந்த நிறத்தின் கழிவு எங்கே போனது என்பதை மட்டும் சொல்ல வேண்டியிருக்கிறது.

நீலச் சாயத் தொட்டியில் நூல் கழிகளை அமிழ்த்தி எடுக்கும்போது அவை நீலமாக வருவதில்லை. மஞ்சளும் பச்சையும் கலந்த ஒரு நிறத்தில், சொட்டச் சொட்ட வெளியே வரும். காற்றுப் பட்டதும் கண் முன்னாலேயே நுனியிலிருந்து நீலம் ஏறும். அதைப் பார்ப்பதற்கென்றே பாடசாலைப் பிள்ளைகள் வேலிக்கு வெளியே வந்து நிற்பார்கள். அந்தச் சாயத்தைக் கரைக்கக் கோஸ்டிக் சோடாவும் ஹைட்ரோசல்பைட்டும் வேண்டும். கறுப்புக்கும் சிவப்புக்கும் வேறு வேறு மருந்துகள். வேலை முடிந்ததும் தொட்டித் தண்ணீர் முழுவதையும் ஒரு சீமெந்துக் கானில் திறந்துவிடுவோம். அது வளவின் பின்பக்கத்தில் இருந்த ஒரு பெரிய குழிக்குப் போகும். பதினொரு வருடத்தில் அந்தக் குழி நிரம்பியதை நான் ஒரு தடவைகூடக் கண்டதில்லை. எங்கள் மண் மணல் மண், அவ்வளவையும் குடித்துவிட்டது. அது நல்லதென்றே அன்று நாங்கள் நினைத்தோம்.

நல்லதல்ல என்பதை எனது மகளின் வெள்ளைச் சீருடைதான் முதலில் காட்டிக்கொடுத்தது. அவள் ஏழாம் ஆண்டு படித்த காலத்தில், மாரி தொடங்கிய ஒரு காலையில், வீட்டுக் கிணற்றில் அள்ளிய தண்ணீரில் அலசிக் கொடியில் போட்ட சட்டை காய்ந்ததும் கழுத்துப் பட்டியிலும் கைமடிப்பிலும் மெல்லிய ஊதா நிறம் தெரிந்தது. மனைவி என்னைத்தான் திட்டினார், எனது வேலைச் சாரத்தோடு சேர்த்துத் துவைத்ததாக நினைத்து. அடுத்த வாரம் பக்கத்து வீட்டிலும் அப்படியே நடந்தது. எங்கள் வீடு ஆலையின் பின்வேலியிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. நான் எழுத்தில் முறைப்பாடு செய்தேன். வந்து பார்த்த அதிகாரி ஒரு போத்தலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போனார். அந்தப் போத்தல் என்னவாயிற்று என்று இன்று வரை எனக்கு எவரும் அறிவிக்கவில்லை. பிறகு யுத்தம் வந்தது, ஆலை மூடப்பட்டது, 2004 டிசம்பர் 26 இல் கடலும் வந்தது. கிணறுகளில் உப்பு ஏறிய பிறகு, அதற்கு முன்னர் அவற்றில் என்ன இருந்தது என்று கேட்க எவருக்கும் மனமில்லாமல் போயிற்று.

ஆசிரியர் அவர்களே, நான் உதைபந்தாட்டத்துக்கு எதிரானவன் அல்லன். எனது பேரன் பின்னேரமானால் கடற்கரை மணலில் வெறுங்காலோடு பந்தை உதைத்துக்கொண்டு திரிகிறான். அவனுக்கு நல்ல புல்தரை கிடைத்தால் என்னைவிட மகிழ்பவர் எவரும் இருக்க முடியாது. 2023 ஜனவரியில் இலங்கை உதைபந்தாட்டச் சம்மேளனத்தை ஃபீஃபா இடைநிறுத்தி, ஆகஸ்ட் வரை அந்தத் தடையை வைத்திருந்தபோது, இங்குள்ள பிள்ளைகள் வாடிய முகத்தோடு திரிந்ததை நான் பார்த்தவன். அரங்கு வரட்டும். ஆனால் அந்தப் பிள்ளை விழுந்து முழங்கால் உரசும் மண் எத்தகையது என்று தெரிந்துகொண்டு வரட்டும் என்பதுதான் எனது வேண்டுகோள்.

கட்டுரையாளர் இங்கிலாந்தின் சண்டர்லாந்தை உதாரணம் காட்டியிருக்கிறார். நல்ல உதாரணம்தான். நிலக்கரிச் சுரங்கம் 1993 இல் மூடப்பட்டு, அதே இடத்தில் 1997 இல் அரங்கு திறக்கப்பட்டது உண்மை. அந்த அரங்கின் வாசலில் சுரங்கத் தொழிலாளர் ஏந்திய பாதுகாப்பு விளக்கின் பெரிய உருவம் ஒன்றை நிறுத்தி வைத்திருப்பதை அவர் எழுதாமல் விட்டுவிட்டார். அந்த ஊர் மக்கள் தங்கள் காணியை வெறுமையானது என்று சொல்லவில்லை, தங்களுக்குக் கீழே என்ன இருந்தது என்பதை வாசலிலேயே அறிவித்தார்கள். மட்டக்களப்பில்கூட வெபர் மைதானம், பிள்ளைகளின் விளையாட்டுக்காக உழைத்த அருட்தந்தை ஹரோல்ட் வெபரின் பெயரைத் தாங்கித்தான் நிற்கிறது. இன்று வெஸ்ட் ஹாம் கழகம் விளையாடும் லண்டன் அரங்கு இருக்கும் ஸ்ட்ராட்ஃபோர்ட் பகுதியும் பழைய தொழிற்சாலை நிலம்தான். 2012 ஒலிம்பிக்குக்கு முன்னர் அங்கே எண்ணெயும் தாரும் ஊறிய மண்ணைத் தோண்டியெடுத்து, யந்திரம் வைத்துக் கழுவிச் சுத்தம் செய்த பிறகே கட்டினார்கள். வெளிநாட்டை உதாரணம் காட்டுபவர்கள் அந்தச் சுத்திகரிப்பையும் சேர்த்துக் காட்டியிருக்கலாம்.

இங்கே என்ன செய்யப்போகிறார்கள்? கிறவல் கொட்டி நான்கு அடி உயர்த்தப் போவதாகக் கட்டுரை சொல்கிறது. மூடிவைப்பதும் ஒரு வழிதான் என்பதை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் எதை மூடுகிறோம் என்று முதலில் தெரிய வேண்டும். மின்விளக்குக் கோபுரங்களுக்கும் பார்வையாளர் அரங்குக்கும் ஆழமாக அத்திவாரத் தூண் இறக்குவார்கள். அந்தத் தூண் இறங்கும் வழியே மேலிருக்கும் அழுக்கும் நிலத்தடி நீருக்கு இறங்கலாம். எங்கள் கரையோரத்தில் தண்ணீர் கையெட்டும் ஆழத்தில் இருக்கிறது என்பதை வெளியூர்ப் பொறியியலாளருக்கு யார் சொல்வது? மழைக் கணக்கையும் பாருங்கள். சர்வதேச அளவிலான மைதானம் 105 மீற்றர் நீளம், 68 மீற்றர் அகலம். ஒரு நாளில் 100 மில்லிமீற்றர் மழை பெய்தால் அந்தப் புல்தரை மீது மட்டும் 7 இலட்சத்து 14 ஆயிரம் லீற்றர் தண்ணீர் விழும். நான்கு அடி உயர்ந்த நிலத்திலிருந்து அது எங்கே ஓடும்? வளவுக்குப் பின்னாலுள்ள வீடுகளுக்கும், அங்கிருந்து வடிச்சல் வழியாகக் கரைவாகு வட்டை வயல்களுக்கும்தான். 2011 ஜனவரி வெள்ளத்தில் எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்றது. அப்போது ஆலை வளவு தாழ்வாக இருந்து தன் பங்குத் தண்ணீரைத் தாங்கியது. பயனற்ற காணி என்று எழுதியவர் அன்று இங்கு வந்திருந்தால் அந்தப் பயனையாவது கண்டிருப்பார்.

இதற்கு முன்னரும் எங்களுக்கு மைதானம் தந்தார்கள். அதன் சுற்றுமதிலுக்கு வாயில் போட்டார்கள், வாயிலுக்குப் பூட்டுப் போட்டார்கள், திறப்பு யாரிடம் என்று பிள்ளைகள் வீடு வீடாகத் தேடினார்கள். தேர்தல் வந்தால் மட்டும் பூட்டுத் திறந்தது. மேடை போட வந்த லொறிகளின் சக்கரப் பள்ளங்களில் அடுத்த மாரி முழுவதும் தவளை கத்தியது. அந்த அனுபவத்தோடுதான் இந்தப் புதிய யோசனையை நாங்கள் வாசிக்கிறோம். அதனால் எங்கள் குரலில் கடுமை தெரிந்தால் மன்னிக்க வேண்டும்.

மண் பரிசோதனை நடந்ததா என்று 2016 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஓர் அலுவலகத்துக்கு நான் விண்ணப்பித்தேன். 14 வேலை நாட்களுக்குள் தீர்மானம் அறிவிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. மூன்று மாதம் கழித்து வந்த ஒற்றை வரிக் கடிதத்தில் "தங்கள் கோரிக்கை கவனத்திற்கு எடுக்கப்பட்டுள்ளது" என்றிருந்தது. எழுபத்து நான்கு வயதில் பஸ் ஏறி மூன்று தடவை கல்முனைக்குப் போய் வந்ததற்கு அதுதான் கிடைத்தது. பெரிய திட்டமொன்றின் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை வெளியிடப்பட்டால் அதன் மீது கருத்துச் சொல்லப் பொதுமக்களுக்கு 30 நாட்கள் உண்டு. இந்தத் திட்டம் அந்த வகைக்குள் அடங்குமா, அடங்காதா என்பதையாவது எவரும் எங்களுக்குச் சொல்லியிருக்கலாம்.

நான் கேட்பது அதிகமில்லை. கேள்விப்பத்திரம் கோருவதற்கு முன்னர் பழைய குழி இருந்த இடத்திலும், சுற்றியுள்ள கிணறுகளிலும் மண்ணையும் நீரையும் பரிசோதித்து, முடிவைத் தமிழில், பிரதேச செயலக அறிவித்தல் பலகையில் ஒட்ட வேண்டும். குழி எங்கே இருந்தது என்று வரைபடத்தில் இல்லாவிட்டால் நான் வந்து காட்டுகிறேன், அந்த இடத்தில் இன்னும் புல் முளைப்பதில்லை. தங்கள் பத்திரிகையும் அந்த "வெறுமையாகக் கிடந்த" என்ற சொல்லை ஒரு சிறு திருத்தமாக அடுத்த இதழில் மாற்ற வேண்டும். முடிந்தால் அந்தக் கட்டுரையாளரை மாரியின் முதல் மழைக்கு மறுநாள் காலையில் எங்கள் வீட்டுக்கு அனுப்பி வையுங்கள். ஒரு வெள்ளைத் துணியும் கொண்டுவரச் சொல்லுங்கள். கிணறும் வாளியும் இங்கே இருக்கின்றன.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சாய ஆலைத் தொழிலாளி,
மருதமுனை.