சைக்கிள் பாதைக்கு எதிராகக் கையெழுத்துச் சேர்க்கும் அயலவருக்கு

மதிப்புக்குரிய அண்ணாமார், அக்காமார், மாமா மாமிமாருக்கு,

வணக்கம். மேற்குச் சிட்னியில் எங்கள் ஸ்டேசனிலிருந்து பூங்கா வரை கவுன்சில் போட நினைக்கும் சைக்கிள் பாதையும், நடப்பவரும் சைக்கிள்காரரும் சேர்ந்து பாவிக்கும் பகிர்பாதையும் ‘முற்றாக வேண்டாம்’ என்று நீங்கள் எழுதிய மனு வாட்ஸ்அப்பில் எனக்கும் வந்தது. மளிகைக் கடையிலும் தாள் வைத்திருக்கிறீர்கள். நான் கையெழுத்துப் போடவில்லை. சைக்கிள் பைத்தியம் என்று நினைக்கவேண்டாம். என்னுடைய சைக்கிள் கராஜில் காற்றுப்போய்க் கிடக்கிறது. மனுவில் கேட்கவேண்டியது ஒன்று இருக்க, வேறொன்றைக் கேட்டிருக்கிறீர்கள் என்பதுதான் என் குறை.

பார்க்கிங் பற்றி முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். வீட்டு வாசலில் கார் விடும் இடம் எங்கள் காணி உறுதியில் இல்லை. அது தெரு. மூன்று கார் வாங்கிவிட்டு, கராஜுக்குள் அரிசி மூடையும் பழைய சோபாவும் வைத்திருக்கும் நாங்கள் அதை உரிமை என்று எழுதினால் கவுன்சில்காரர் படித்துவிட்டு அடுத்த தாளுக்குப் போவார்கள். நடக்கமுடியாதவரை வாசலில் இறக்கி ஏற்ற இடம் வேண்டும் என்று கேளுங்கள். அது நியாயமான கேள்வி, பதிலும் சொல்லியாகவேண்டும்.

மனுவின் மூன்றாவது பந்தியில் ஒரு வரி கிடக்கிறது: ‘வயோதிபர்கள் மாலையில் நடக்கப் பயப்படுவார்கள்.’ உண்மையில் அதுதான் முதல் பந்தியாக இருந்திருக்கவேண்டும்.

கவுன்சில் தபால் பெட்டியில் போட்ட திட்டத் துண்டைத் திரும்ப எடுத்துப் பாருங்கள். பாடசாலைக்கு முன்னாலும் கடைகளுக்கு முன்னாலும் பகிர்பாதையின் அகலம் 2.5 மீட்டர். ஒஸ்ரோட்ஸ் (ஆஸ்திரேலிய, நியூசிலாந்து வீதித் துறைகளின் கூட்டமைப்பு) வழிகாட்டியில் ஆள் குறைந்த உள்ளூர்ப் பாதைக்கே அதுதான் அடிமட்ட அளவு; வேலைக்குப் போய்வருகிறவர்கள் பாவிக்கும் பாதைக்கு 3 மீட்டர் என்று சொல்கிறது. பேரப்பிள்ளையின் பிராமைத் தள்ளிக்கொண்டு இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நடந்தாலே ஒன்றரை மீட்டர் போய்விடும். மிச்சத்தில்தான் எதிரே வரும் சைக்கிளும், பின்னால் வரும் சைக்கிளும். காது கொஞ்சம் மந்தமான ஒருவருக்கு மணி கேட்டால்கூட எந்தப் பக்கம் விலகுவது என்று தெரியாது, நடுவில் நின்றுவிடுவார். குப்பை எடுக்கும் நாளுக்கு முதல்நாள் மாலையை நினைத்துப் பாருங்கள். சிவப்பு மூடித் தொட்டியும் மஞ்சள் மூடித் தொட்டியும் வீட்டுக்கு வீடு வெளியே வரும். இப்போது அவை தெருவோரப் புல்லில் நிற்கின்றன. துண்டிலுள்ள படத்தில் அந்தப் புல்லைத்தான் பாதை எடுத்துக்கொள்கிறது. தொட்டிகள் எங்கே நிற்கும்? துண்டில் பதில் இல்லை. வீட்டுக்கு வீடு டிரைவ்வேயிலிருந்து ரிவேர்ஸில் வரும் கார் வேறு. பாதையில் வருகிறவருக்குக் கார்க்காரர்தான் வழிவிடவேண்டும் என்பது சட்டம். ஆனால் வேலிக்குப் பின்னால் வரும் சின்னப்பிள்ளையின் சைக்கிளை அவர் எப்படிக் காண்பார்?

பகிர்பாதை என்றாலே ஆபத்து என்று சொல்லவரவில்லை. உங்களில் பலர் சனி ஞாயிறில் புரொஸ்பெக்ட் கால்வாய்ப் பாதைக்கு நடக்கப் போகிறவர்கள். 1888-இல் சிட்னிக்குக் குடிநீர் கொண்டுவந்த கால்வாய் அது. இப்போது நிரப்பி மேலே பாதை போட்டிருக்கிறார்கள். தண்ணீர் தன்பாட்டில் ஓட வெட்டிய இடம் என்பதால் ஏற்ற இறக்கமே தெரியாது, முழங்கால் நோவுள்ளவர்களுக்கு வாய்த்த இடம். அங்கே சைக்கிள்கள் போகின்றன, யாரும் முறைப்பாடு சொல்லி நான் கேட்டதில்லை. (ஓகஸ்ட் பிறந்தால் மக்பைப் பறவை தலையில் கொத்த வரும், அது வேறு கதை.) அங்கே டிரைவ்வே இல்லை, குப்பைத் தொட்டி இல்லை, விலக இரண்டு பக்கமும் புல் இருக்கிறது. அதே பாதையைக் கொண்டுவந்து கடை வாசலில் வைத்தால் சரிவராது. எங்கள் திட்டத்தில் பூங்காவுக்குள் வரும் பகுதி நல்லது. ஸ்டேசன் பக்கம்தான் பிழை.

‘வேண்டாம்’ என்று சொல்லி வென்றால் என்ன கிடைக்கும்? 16 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளும் அவர்களோடு போகும் பெரியவர்களும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் இப்போதே நடைபாதையில் சைக்கிள் விடலாம். சாப்பாடு கொண்டுபோகும் பொடியன்களும் அதே ஒடுங்கிய நடைபாதையில்தான் மின்சைக்கிளில் பறக்கிறார்கள். மோட்டார் உதவி மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் நிற்கவேண்டும் என்பது விதி. நிற்காதபடி மாற்றிய வண்டிகளும் ஓடுகின்றன. அவர்களைத் திட்டுமுன், அதில் சிலர் படிக்க வந்து வாடகைக்காக ஓடும் எங்கள் பிள்ளைகள் என்பதையும் சொல்லவேண்டும். பெரிய றோட்டில் லொறிக்குப் பக்கத்தில் போகப் பயந்துதான் அவர்கள் மேலே ஏறுகிறார்கள். மனு வென்றாலும் அந்த நடைபாதை அப்படியேதான் இருக்கும்.

ஆகவே கேட்கவேண்டியது பிரிப்பு. ஸ்டேசனிலிருந்து பாடசாலை தாண்டும்வரை சைக்கிளுக்குத் தனி வழி, நடப்பவருக்குத் தனி வழி, இரண்டுக்கும் இடையில் கல் வரம்பு. அதற்கான இடத்தைப் புல்லிலிருந்து எடுக்காமல் தெருவிலிருந்து எடுக்கவேண்டும். ஆம், ஒரு பக்கப் பார்க்கிங் போகும். என் வீட்டு வாசலும் அந்தப் பக்கம்தான். மாநிலப் போக்குவரத்துத் துறை 2020-இல் வெளியிட்ட சைக்கிள் பாதை வடிவமைப்புக் கையேடும் ஆட்கள் கூடும் இடத்தில் பிரிப்பதையே முன்வைக்கிறது. கவுன்சிலிடம் அந்தக் கையேட்டையே காட்டிக் கேட்கலாம்.

ஒன்று சொன்னால் கோபிக்கக்கூடாது. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் இல்லாமல் சைக்கிளில் ஓடியவர்கள்தானே நாங்கள். கரியரில் நெல் மூடை, பாரில் பிள்ளை. ஆஸ்பத்திரிக்கு நோயாளியையும் அதில்தான் கொண்டுபோனோம். இங்கே வந்து ‘சைக்கிள் வெள்ளைக்காரரின் பொழுதுபோக்கு’ என்று மனுவில் எழுதியதைப் பார்த்தபோது சிரிப்பு வந்தது. அந்த வரியையாவது வெட்டிவிடுங்கள்.

எழுதும் முறையும் முக்கியம். ஒரே வாசகத்தில் முந்நூறு கையெழுத்து வந்தால் பெரும்பாலும் அதை ஒரு மனு என்று ஒரே வரியில் பதிந்துவிடுவார்கள். ‘இன்ன இலக்க வீட்டுக்கு முன்னால் குப்பைத் தொட்டி எங்கே வைப்பது?’ என்று பத்துப் பேர் தனித்தனியாகக் கேட்டால் பத்துக்கும் அறிக்கையில் பதில் எழுதவேண்டிவரலாம். 2021 கணக்கெடுப்பில் இந்த நாட்டில் வீட்டில் தமிழ் பேசுவோர் 95,000-க்கு மேல். ஆனாலும் துண்டு ஆங்கிலத்தில் மட்டும்தான் வந்தது. அதையும் குறிப்பிட்டு எழுதுங்கள். ஆங்கிலம் தடையாக இருப்பவர்கள் அரசாங்க மொழிபெயர்ப்புச் சேவையின் 131 450 இலக்கத்துக்கு அழைத்துத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொன்னால், அவர் மூலமாகவே கவுன்சிலோடு பேசலாம்.

வரும் சனிக்கிழமை காலை நூலகத்தில் திட்டப் பிரிவினர் பெரிய படத்தை விரித்து வைத்திருப்பார்கள். மாலையில் நடக்கும் அம்மாமாரில் இரண்டு மூன்று பேரையாவது காரில் ஏற்றிக்கொண்டு வாருங்கள். எந்த நேரம், எந்த ஒழுங்கையால் நடக்கிறார்கள், எங்கே குந்தி இளைப்பாறுகிறார்கள் என்பதை அவர்களே படத்தில் தொட்டுக் காட்டட்டும். நான் பத்து மணிக்கு அங்கே இருப்பேன், பேசத் தயங்குபவர்களுக்குப் பக்கத்தில் நின்று ஆங்கிலத்தில் எடுத்துச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
அடுத்த தெருவில் இருக்கும் ஒருவர்
மேற்குச் சிட்னி