பங்கு இறைச்சி தந்த அக்காவுக்கு நன்றி

கிளிநொச்சிப் பக்கம் ஞாயிறு காலை பல வீட்டார் சேர்ந்து கிடாய் வாங்கிப் போட்ட பங்கில், எங்களோடு வந்த வெளிநாட்டுப் பயணிகளுக்கும் ஒரு கூறு ஒதுக்கித் தந்த அக்கா, உங்களுக்கு மனமார்ந்த நன்றி. பெயர் போட வேண்டாம் என்றீர்கள், போடவில்லை.

வன்னிக்கு வருகிறவர்களுக்கு ஒரு சொல். பல வீட்டார் காசு சேர்த்து ஒரு கிடாயை வாங்கி, தொடை, விலா, எலும்பு, ஈரல், குடல் எல்லாம் ஒவ்வொரு கூறிலும் விழும்படி பிரிப்பதுதான் பங்கு. தனி இறைச்சி மட்டும் கேட்காதீர்கள். மற்றவருக்கு எலும்புதான் மிஞ்சும். முதல் நாளே சொல்லி வையுங்கள். போயா (பௌர்ணமி) தினத்தில் இறைச்சிக்கடை பூட்டு, வெள்ளிக்கிழமை பல வீடுகளில் சைவம்.

அக்கா காட்டிய பக்குவம் இது. ஒரு கிலோ இறைச்சியை உப்பு, மஞ்சள் பிரட்டி, வதக்கிய வெங்காயம், இஞ்சி, உள்ளி (பூண்டு), ரம்பை இலை, கறிவேப்பிலையோடு போட்டு, அது விடும் தண்ணீர் வற்றவிட வேண்டும். பிறகே 3 மேசைக்கரண்டி கறித்தூள். ஏற்கெனவே வறுத்த தூள், வெறும் எண்ணெயில் போட்டால் கருகிக் கசக்கும். தேங்காயின் இரண்டாம் பால் விட்டு மூடி, மெல்லிய நெருப்பில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல். முற்றின கிடாய் என்றால் இன்னும் கூட. முதற்பால் கடைசியில், கொதித்தால் திரைந்துவிடும். பெருஞ்சீரகத்தூளும் தேசிப்புளியும் இறக்கிய பிறகு.

குடல்தான் பெரிய வேலை. தென்னை ஈர்க்கால் உட்புறத்தை வெளியே திருப்பி, சுடுதண்ணீர், உப்பு, தேசிக்காய் போட்டு வாடை போகும்வரை உரஞ்ச வேண்டும். அதையும் பொறுமையாகக் காட்டினீர்கள், அக்கா. அடுத்த பங்கிலும் எங்களுக்கு ஒரு கூறு எழுதுங்கள். இம்முறை காசை மறுக்காமல் வாங்குங்கள்.