டிரில்லியம் அடுத்த வருஷமே பூக்காது சார்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் தோட்டப் பகுதியில டிரில்லியம்ங்கிற குளிர்நாட்டுக் காட்டுப் பூச்செடி பத்தி போட்டிருந்தீங்க. படம் அருமை, ஆனா விதை போட்டா அடுத்த வசந்தத்துல பூக்கும்னு எழுதினதைப் படிச்சதும் சிரிப்பு வந்துருச்சு. அடுத்த வசந்தத்துல அது தலையே காட்டாது. முதல் குளிர்காலம் முடிஞ்சு மண்ணுக்குள்ள வேர் மட்டும் விடும், ரெண்டாவது குளிரும் போன பிறகுதான் ஒத்தை இலை எட்டிப் பார்க்கும், அதையும் களைன்னு நெனச்சு நாமளே பிடுங்கிப் போட்டுருவோம். மூணு இலை வரவே சில வருஷம், பூவுக்கு ஏழு வருஷம், சிலதுக்கு பத்துகூட ஆகும். விதை காயவும் கூடாது, பழுத்த கையோட போட்டுரணும். காட்டுல இந்த வேலையை எறும்பு பாக்குது, விதையில ஒட்டியிருக்கிற கொழுப்புத் துண்டுக்காக இழுத்துட்டுப் போய், தின்னுட்டு விதையை அப்படியே விட்டுரும்.

பொறுமை இல்லாம நான் கிழங்கா வாங்கி ஒரு மேப்பிள் மரத்தடியில, இலைமக்கு நெறைய போட்டு நட்டேன். வசந்தத்துல மூணு இலை, நடுவுல மூணு இதழோட வெள்ளைப் பூ, நாளாக நாளாக ரோஸ் கலராச்சு. கோடை பாதியில இலை மஞ்சளாகி படுத்துருச்சு. செத்துப்போச்சுன்னு நெனச்சு வேற செடி வெக்க மண்வெட்டியைப் போட்டா, உள்ள கிழங்கு கல்லு மாதிரி இருக்கு, அடுத்த வருஷத்து மொட்டோட, என் வெட்டுல ரெண்டு துண்டா! மரம் இலை விட்டு நிழல் மூடுறதுக்குள்ள முக்கால்வாசி வெயிலை வாங்கிட்டு, கோடையில தூங்கப் போற செடி அதுன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. இப்ப நட்ட இடத்துல குச்சி ஊனி வெக்கிறேன்.

பூவைப் பறிச்சு ஜாடியில வெக்கலாம்னு வேற எழுதியிருக்கீங்க, தயவுசெஞ்சு அதைத் திருத்துங்க. பூவைப் பறிக்கிறப்ப அந்த மூணு இலையும் சேர்ந்து வந்துரும், வருஷம் முழுக்க சாப்பாடு பண்ண செடிக்கு வேற இலையே கிடையாது. 1937லேயே கனடாவுல இருக்கிற ஒன்டாரியோ தன்னோட மாகாணப் பூவா வெச்சுக்கிட்ட பூவுக்கு இந்த கதியா? கிழங்கு வாங்கறவங்களும், நர்சரியில வளர்த்ததா காட்டுல தோண்டினதான்னு கேட்டு வாங்குங்க.

நான் வெட்டின ரெண்டு துண்டையும் திரும்ப புதைச்சேன். மொட்டு இருந்தது இந்த வசந்தத்துல இலை விட்டுச்சு, பூக்கல. இன்னொண்ணு எழுந்திருக்கவே இல்ல, குச்சியை மட்டும் இன்னும் எடுக்கல.

இப்படிக்கு,
ஒரு வாசகர்