செயலாளரின் ஆண்டறிக்கை: கில்பெக் தேவாலயப் பராமரிப்பு

உறுப்பினர் பெருமக்கள் அனைவருக்கும் வணக்கம். இங்கிலாந்தின் ஹெர்ஃபோர்ட்ஷயரில், வேல்ஸ் எல்லையை ஒட்டிய கில்பெக் சிற்றூரில், தூய மரியா, தூய டேவிட் ஆகியோர் பெயரால் விளங்கும் நம் தேவாலயத்துக்காகச் சங்கம் இவ்வாண்டு ஆற்றிய பணிகளை இந்தப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

சுமார் 1140-இல் எழுந்த இக்கட்டடத்தில் மக்கள் கூடும் மண்டபம், பீடப்பகுதி, அதன் கிழக்கே அரைவட்ட முடிவு என மூன்றும் ஒரே நேர்க்கோட்டில் அமைந்துள்ளன. கோபுரம் இல்லை. கூரை விளிம்பைத் தாங்கும் சிற்பக் கற்களில் இன்று எஞ்சியுள்ள 85-ஐயும் உறுப்பினர்கள் முறைவைத்து ஒவ்வொன்றாகப் பார்த்து, படமெடுத்துப் பதிவு செய்ததே இவ்வாண்டின் பெரிய பணி. ஒரே கல்லில் ஒட்டி உட்கார்ந்திருக்கும் நாயையும் முயலையும் குழந்தைகள் விட்டு நகரவே இல்லை. தன் பெண்குறியை இரு கைகளாலும் விரித்துக் காட்டும் பெண்ணுருவையும் மறைக்காமல் பதிவேட்டில் சேர்த்திருக்கிறோம். செதுக்கியவர் கூசாததை நாம் கூசி மறைப்பது முறையன்று என்பது என் கருத்து.

தெற்கு வாயிலின் மேல் அரைவட்டக் கல்லில் வாழ்வின் மரம் கொடியாய்ப் படர்கிறது. இடப்புறத் தூணில் கொடிகளுக்குள் சிக்கிய வீரர் இருவரின் உடைமடிப்புகளை, ஏறத்தாழ 900 ஆண்டுகளுக்குப் பின்னும், கோடு கோடாக எண்ணலாம்.

இதன் அருமை, இதே ஹெர்ஃபோர்ட்ஷயரிலுள்ள ஷாப்டன் என்ற ஊருக்குச் சென்றபோதுதான் எங்களுக்கு முழுமையாக விளங்கியது. 12-ஆம் நூற்றாண்டில் ஆலிவர் டி மெர்லிமாண்ட் என்பவர் எழுப்பிய அவ்வூர்த் தேவாலயத்தின் சிற்பங்களும் நம்முடையவையும் ஒரே மரபுச் சிற்பிகளின் கைவேலை என்று அறிஞர் கருதுகின்றனர். 1750-களில் அதை இடித்துப் புதிதாகக் கட்டியவர்கள், பழைய வளைவுகளைப் பெயர்த்துக் குன்றின்மேல் வெட்டவெளியில் அலங்காரத்துக்காக நிறுத்தினார்கள். அன்று முதல் மழையும் பனியும் அரித்ததில், அங்குள்ள உருவங்களுக்கு இன்று முகமே இல்லை. நம் சிவப்பு மணற்கல் உறுதியானது என்பது உண்மையே. ஆனால் இங்கே சுவரும் கூரையும் பிரியாமல் நின்றதும் சிற்பங்களைக் காத்தது.

ஆகவே, இலையுதிர் காலத்துக்கு முன்பும் பின்பும் கூரை நீர்த்தாரைகளைத் துப்புரவு செய்வதையும், நீர் கசியும் வடபுறச் சுவரைத் தகுதியுள்ள கல்தச்சரிடம் காட்டுவதையும் வரும் ஆண்டின் முதற்செலவாக ஏற்குமாறு பொதுக்குழுவைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.